ஆஸ்பத்திரி முக்கில் நின்ற தேர்

பங்குனி 2, சனி

கும்பகோணத்திலிருந்து கலசம் வந்து இறங்கியது. வைக்கோலைப் பிரித்துக் கூடத்தில் வைத்ததும் வீட்டுக்கே ஒரு களை வந்துவிட்டது. பெரிய தண்ணீர்க்குடம் அளவு வயிறு, அதற்குமேல் முழ நீளத்துக்குக் கூர்முனை. பித்தளைதான், மேலே பொன் முலாம். சூடம் காட்டிக் கும்பிட்டேன்.

பல வருடமாக இந்த நோட்டில் வரவு செலவு மட்டும்தான் எழுதிவருகிறேன். ஐந்தாம் வகுப்போடு நின்ற எனக்கு எழுத்து கூடிவந்ததே மளிகைக் கணக்கிலும் தேவாரப் புத்தகத்திலும்தான். இந்த மாதம் அம்மன் காரியத்தையும் சேர்த்து எழுதிவைக்கலாம் என்று தோன்றியது. பின்னால் பேரன் பேத்திகள் படிக்கட்டும்.

தை மாதம், பொங்கல் கழிந்த வாரம், வீட்டுக்காரர் காலையில் குளிக்கப் போனவர் நெஞ்சைப் பிடித்துக்கொண்டு கிணற்றடியில் உட்கார்ந்துவிட்டார். சட்டை பிழியப் பிழிய வேர்வை. நம்மூர் ஆஸ்பத்திரி பத்துக் கட்டில் ஆஸ்பத்திரி. அங்கே இதய டாக்டர் எங்கே இருக்கிறார்? ஆனால் டாக்டரம்மா ஜெபா ஈ.சி.ஜி. எடுத்த கையோடு அதை மாவட்டத் தலைமை ஆஸ்பத்திரிக்கு அனுப்பினார். அங்கிருந்த பெரிய டாக்டர் திரையில் வந்துவிட்டார். "பெரியவரே, எங்க வலிக்கி, கைக்கு வருதா?" என்று பக்கத்தில் நிற்பவர் மாதிரி கேட்டார். ரத்தக் கட்டியைக் கரைக்கிற ஊசியைப் போடச் சொன்னார். அரை மணி நேரத்துக்குள் எல்லாம் முடிந்தது. பிழைத்துக்கொண்டார். இன்று காலை வாழைக்குத் தண்ணீர் பாய்ச்சிவிட்டு வந்தார்.

கிணற்றடியில் அவர் தலையை மடியில் வைத்திருந்தபோதே முப்பிடாதி அம்மனுக்குத் தேர்க்கலசம் நேர்ந்துகொண்டேன். அவள்தான் கொடுத்தாள்.

"நேர்ச்சை செய்யணும்தான். கூடவே ஆஸ்பத்திரி இன்டர்நெட் பெட்டிக்கு நல்ல பேட்டரி ஒண்ணு வாங்கிக் குடுத்தா என்ன உலகு? கரண்டு போனா அந்தப் பெட்டி செத்துப்போகுதாம்" என்றார் வீட்டுக்காரர்.

"அது கவர்மெண்டு பாத்துக்கிடும். அம்மனுக்கு நாமதான் பாக்கணும்" என்றேன்.

கூட்டுறவுச் சங்கத்தில் எழுத்தராக இருந்து ஓய்வு பெற்ற மனிதர். எதையும் பிரித்துப் பிரித்துத்தான் யோசிப்பார்.

பங்குனி 5, செவ்வாய்

அப்பளம் இட்டேன். உளுந்து இந்தத் தடவை சரியாக இல்லை, விரிகிறது.

காலையில் தேரில் கலசத்தை ஏற்றிப் பார்த்தார்கள். பழைய கலசத்தைவிட எவ்வளவோ உயரம். கீழே நின்று அண்ணாந்து பார்த்தபோது உடம்பு சிலிர்த்தது. "உலகம்மா வீட்டுக் கலசம்" என்று கோயில் தலைவர் அண்ணாச்சி மைக்கில் சொன்னார். இப்படியெல்லாம் சொல்ல வேண்டாம் என்று வீட்டுக்காரர் ஏற்கெனவே சொல்லியிருந்தார். ஆனாலும் காதுக்கு நன்றாகத்தான் இருந்தது.

மத்தியானம் கொம்பையா வந்தார். ஊருக்குள் டிவி வயரும் இன்டர்நெட் வயரும் இழுத்துப் பராமரிக்கிற ஒப்பந்தம் அவருடையது. என் வீட்டுக்காரருக்கு ஒன்றுவிட்ட தம்பி முறை. ஒவ்வொரு வருடமும் தேர் போகிற வழியெல்லாம் கவட்டைக் கம்போடு முன்னால் போய், குறுக்கே வருகிற வயரைத் தூக்கிப் பிடிப்பார். தேர் குனியாமல் போகும்.

"மதினி, கலசம் ரொம்ப ஒசரமா இருக்கே. கம்பை வச்சித் தூக்கினாலும் ஆஸ்பத்திரி முக்குல எட்டாது."

"எட்டுத மாதிரி நீளக் கம்பா வெட்டிக்கோ."

"கம்பு இல்ல மதினி பிரச்சனை. அந்த வயரு அவ்வளவுதான் தளரும். உள்ள கண்ணாடி இழை. தலைமுடி கனம்தான் இருக்கும், அதுக்குள்ள வெளிச்சம் ஓடுது. மடங்கினாப் போச்சு."

இன்னும் ஏதேதோ சொன்னார். நான் அப்பளத்தை வெயிலுக்குத் திருப்பிப் போட்டுக்கொண்டிருந்தேன். காபி கொடுத்தேன். குடித்துவிட்டுப் போனார்.

பங்குனி 8, வெள்ளி

ராமலட்சுமி பால் ஊற்ற வந்தபோது மாவிளக்குக்கு அரிசி ஊறப்போட்டுக்கொண்டிருந்தேன். அவள் வீட்டுக்காரர் பூதப்பாண்டிதான் தேருக்குச் சறுக்குக்கட்டை போடுகிறவர். தேர் இறக்கத்தில் ஓடும்போதும் முக்கில் திரும்பும்போதும் சக்கரத்துக்கு அடியில் கட்டையைக் கொடுத்து நிறுத்துகிற வேலை. கொஞ்சம் பிசகினாலும் கை போய்விடும். மற்ற நாளில் கொத்தனார்.

"உங்க கலசத்தால தேரு இந்த வருசம் ஆடும்னு அவுக சொல்லுதாவ. நல்லாக் கட்டச் சொல்லுங்கக்கா."

"அம்மன் இருக்கா. பாத்துக்கிடுவா."

"அவ மேல இருக்கா. எங்க வீட்டு ஆளுல்லா சக்கரத்துக்குக் கீழ இருக்காவ" என்று சிரித்தாள். வாய் கொஞ்சம் கூடத்தான். ஆனால் பாலில் தண்ணீர் சேர்க்க மாட்டாள்.

பங்குனி 11, திங்கள்

நாளை தேர். மாவிளக்கு, தேங்காய், பட்டு, எல்லாம் எடுத்துவைத்தாயிற்று. வீட்டுக்காரர் வெயிலில் நிற்கக் கூடாது. வீட்டிலிருந்தே கும்பிடுவார்.

பங்குனி 12, செவ்வாய்

தேர் நல்லபடியாக நிலைக்கு வந்தது. ராகுகாலம் பிறப்பதற்குள் வந்துவிட்டது. வெளியூர்க் கூட்டம் நிறைய. எல்லோர் கையிலும் செல்போன். கலசம் வெயிலில் தங்கமாக எரிந்தது.

ஆஸ்பத்திரி முக்கில் கொஞ்சம் தாமதம். ஒரு வயர் இடைஞ்சலாக இருந்தது. அறுத்தார்கள்.

தேர் நிலைக்கு வந்ததும் பூதப்பாண்டிக்கு நெஞ்சு வலி வந்து ஆஸ்பத்திரியில் சேர்த்திருப்பதாகச் சொன்னார்கள். வெயிலாக இருக்கும்.

பானகம் மிஞ்சிவிட்டது.

பங்குனி 13, புதன்

பால் வரவில்லை. ராமலட்சுமி வீடு பூட்டிக் கிடக்கிறது. பூதப்பாண்டியைத் தலைமை ஆஸ்பத்திரிக்குக் கொண்டுபோயிருக்கிறார்களாம். பாக்கெட் பால் வாங்கினேன். காபி விளங்கவில்லை.

பக்கத்து வீட்டு லோகநாயகிக்குச் சர்க்கரை உண்டு. புதன்கிழமைதோறும் நம்மூர் ஆஸ்பத்திரியில் கண்ணைப் படம் எடுத்து அனுப்புவார்கள். கண் டாக்டர் அங்கிருந்தே பார்த்துச் சொல்வார். இன்று போனவள் அரை மணியில் திரும்பிவிட்டாள்.

"நெட் இல்லையாம். எப்ப வரும்னு தெரியாதாம். நாளைக்கு பஸ்ஸேறிப் போகச் சொல்லுதாவ. கண்ணு தெரியாதவ பஸ்ஸு நம்பரை எப்படிப் பாப்பேன்?"

அவளுக்கு மிஞ்சின பானகத்தைக் கொடுத்தேன். சர்க்கரை என்று மறந்துவிட்டேன். அவளே சிரித்துக்கொண்டு திருப்பிக் கொடுத்தாள்.

பங்குனி 14, வியாழன்

வீட்டுக்காரர் மாத்திரை வாங்க ஆஸ்பத்திரிக்குப் போய்விட்டு வந்து, செருப்பைக் கழற்றாமலே வாசலில் உட்கார்ந்துவிட்டார்.

டாக்டரம்மா ஜெபா சொன்னாராம். பூதப்பாண்டியைத் தூக்கி வந்ததும் ஈ.சி.ஜி. எடுத்திருக்கிறார்கள். ஆனால் அவர் போன வருடம் வயிற்றுப்புண்ணில் ரத்தம் கக்கியவர். கட்டி கரைக்கிற ஊசியைப் போட்டால் வயிற்றில் ரத்தம் நிற்காமல் போகலாம். போடாவிட்டால் நெஞ்சு போகும். போடலாமா, கூடாதா என்று பெரிய டாக்டரைக் கேட்டுத்தான் செய்ய வேண்டும். அதற்குத்தானே அந்த இணைப்பு. அது செத்துக் கிடந்தது. செல்போனில் படம் எடுத்து அனுப்பினால், தேர்க் கூட்டம் முழுக்க வீடியோ அனுப்பிக்கொண்டிருந்ததில் அது சுற்றிக்கொண்டே இருந்திருக்கிறது. போனும் கிடைக்கவில்லை. கடைசியில் ஆம்புலன்ஸில் ஏற்றியிருக்கிறார்கள். ஆம்புலன்ஸும் தேர்த் தெருவைத் தாண்ட முடியாமல் நின்றிருக்கிறது.

"அந்தப் பிள்ளை அழுதுட்டு உலகு. 'ஐயா, உங்களுக்குச் செஞ்சதை அவருக்குச் செய்ய முடியலையே'ன்னு சொல்லுது. நான் என்ன பதில் சொல்ல?"

நான் முருங்கைக்கீரை ஆய்ந்துகொண்டிருந்தேன்.

"வயரை யாரு அறுக்கச் சொன்னது?"

"கூட்டத்துல யாரோ" என்றேன்.

பங்குனி 15, வெள்ளி

தலை வலி. கோயிலுக்குப் போகவில்லை. வெள்ளிக்கிழமை போகாமலிருந்தது எப்போது என்று நினைவில்லை.

பங்குனி 16, சனி

வீட்டுக்காரரோடு பஸ்ஸேறித் தலைமை ஆஸ்பத்திரிக்குப் போனோம். இட்லி, பருப்புத் துவையல், ஃபிளாஸ்கில் கஞ்சி எடுத்துப் போனேன். பூதப்பாண்டி கண் மூடிப் படுத்திருந்தார். கொத்தனார்க் கை, படுக்கையில் கிடக்கும்போது எவ்வளவு பெரிதாகத் தெரிகிறது. குழாய் போட்டு அடைப்பை எடுத்துவிட்டார்களாம். ஆனால் நேரமாகிவிட்டதால் இதயத்தில் ஒரு பக்கம் வேலை செய்யவில்லை. வழக்கமாகத் தள்ள வேண்டிய ரத்தத்தில் பாதிகூடத் தள்ளவில்லையாம். இனி பாரம் தூக்கக் கூடாது.

வீட்டுக்காரர் கட்டிலருகே நின்று தன் நெஞ்சைத் தடவிக்கொண்டே இருந்தார். எனக்கு அவரைப் பார்க்கவும் முடியவில்லை, பூதப்பாண்டியைப் பார்க்கவும் முடியவில்லை. ஜன்னலைப் பார்த்துக்கொண்டு நின்றேன்.

ராமலட்சுமி இட்லியை வாங்கி வைத்துக்கொண்டாள். "எதுக்குக்கா இவ்வளவு தூரம்? பஸ்ஸுல கூட்டமா?" என்று கேட்டாள். வேறு எதுவும் கேட்கவில்லை.

திரும்பி வரும்போது பஸ்ஸில் நம்மூர் ஆட்கள் பேசிக்கொண்டு வந்தார்கள். "கொம்பையா கத்தியை வச்சிட்டுச் சும்மா இருந்திருக்கணும். அவன் சோலிய அவன்லா பாத்திருக்கணும்" என்று ஒருவர் சொன்னார். பிறகு என்னைப் பார்த்துவிட்டுப் பேச்சை மாற்றினார். ஊர்ச் சமாசாரம் பெண்களுக்கு முன்னால் வேண்டாம் என்று நினைத்திருப்பார்.

பங்குனி 18, திங்கள்

வயரைத் தேர் மறுநாள் மாலைதான் ஒட்டினார்களாம். மெஷின் தென்காசியிலிருந்து வர வேண்டியிருந்தது. இப்போது ஆஸ்பத்திரியில் எல்லாம் ஓடுகிறது. போன புதன் விட்டுப்போனவர்களை இன்று வரச் சொன்னதில் லோகநாயகியும் கண்ணைப் படம் எடுத்துவிட்டு வந்தாள்.

சாயந்தரம் விளக்கேற்றுகிற நேரத்தில் கொம்பையா வாசலில் வந்து நின்றார். ஒரு வாரத்துக்குள் ஆள் இளைத்திருந்தார்.

"அண்ணாச்சி இல்லையா மதினி?"

"வயக்காட்டுக்குப் போயிருக்காக."

"இன்டர்நெட் கம்பெனிக்காரன் கூப்பிட்டு விசாரிச்சான். ஆஸ்பத்திரி லைனை வேணும்னே அறுத்தான்னு எழுதி, ஒப்பந்தத்தை எடுக்கப் போறானாம். தேர்க் கமிட்டியில ஒரு வார்த்தை சொல்லச் சொன்னேன். நாங்க யாரும் அறுக்கச் சொல்லலைங்கிறாவ தலைவர் அண்ணாச்சி." கொஞ்சம் நிறுத்தினார். "அடுத்த வாரம் புதன்கிழமை கமிட்டி கூடுது. நீங்க ஒரு வார்த்தை…"

"அவுக வரட்டும் கொம்பையா. கேட்டுச் சொல்லுதேன்."

"சரி மதினி."

"காபி குடிச்சிட்டுப் போ."

"இருக்கட்டும்."

விளக்குத் திரியைத் தூண்டினேன். கை எண்ணெயாகிவிட்டது. அம்மன் படத்துக்குப் பூ வைக்கவில்லை என்பது படுக்கப் போகும்போதுதான் நினைவுக்கு வந்தது.

பங்குனி 19, செவ்வாய்

உப்பு, புளி, சீப்பு வாழைக்காய் என்று நாலணாகூடக் கணக்குப் பிசகாமல் இத்தனை வருடம் எழுதிய கை இது. 'அறுத்தார்கள்' என்று எழுதியதும் இதே கைதான். அந்தப் பக்கத்தைத் திருப்பிப் படித்தால் முகம் எரிகிறது. நடந்ததை எழுதுகிறேன்.

தேர் ஆஸ்பத்திரி முக்குக்கு வந்தபோது ராகுகாலத்துக்குச் சொற்ப நேரம்தான் இருந்தது. கொம்பையா கவட்டைக் கம்பால் வயரைத் தூக்கினார். கலசத்தின் கூர்முனையில் போய் இடித்தது. இன்னும் எம்பித் தூக்கினார். எட்டவில்லை. பூதப்பாண்டி சக்கரத்துக்குக் கட்டையைக் கொடுத்துவிட்டு, சக்கரத்தில் சாய்ந்து உட்கார்ந்தார். இடது தோளைப் பிடித்துவிட்டுக்கொண்டிருந்தார். கட்டை தூக்கிய வலி என்று நினைத்தேன். தை மாதம் கிணற்றடியில் வீட்டுக்காரருக்கு அதே தோளைத்தான் நான் நீவிவிட்டேன். பார்த்தும் எனக்கு உறைக்கவில்லை.

"கலசத்தைக் கழட்டி இறக்கிருவோம். முக்கு தாண்டினதும் மாட்டிக்கிடலாம்" என்றார் பூசாரி. தச்சர் ஏணியை எடுத்தார்.

நான் மாவிளக்குத் தட்டோடு வடத்துக்கு முன்னால் நின்றேன்.

"கழட்டவா? நேர்ந்து செஞ்ச கலசத்தை நடுத் தெருவுல கழட்டவா? தேரு மொட்டையா நிக்கணுமா?"

தலைவர் அண்ணாச்சி வேறு பக்கம் பார்த்தார்.

"கொம்பையா, அறுத்து விடுப்பா" என்றேன்.

"மதினி, டிவி வயருன்னா நீங்க சொல்லுமுன்னே அறுத்திருப்பேன். இது ஆஸ்பத்திரிக்குப் போற லைனு. அறுத்தா இன்னைக்கு ஒட்ட முடியாது. மெஷினு தென்காசியில இருக்கு."

எல்லோரும் கேட்கும்படித்தான் சொன்னார். எனக்கு நன்றாகவே கேட்டது. அப்பளம் திருப்பின அன்றைக்கும் இதைத்தான் சொன்னார். அன்றைக்கும் கேட்டது.

அதற்கு நான் ஒரு பதில் சொன்னேன். அதை எழுதக் கை வரவில்லை.

கொம்பையா என்னையும் தலைவரையும் மாறி மாறிப் பார்த்தார். பிறகு இடுப்பிலிருந்து கத்தியை எடுத்தார். வயர் இரண்டாகப் போய் இரண்டு பக்கமும் தொங்கியது. குலவை போட்டார்கள். முதல் குலவை நான்தான் போட்டேன்.

பங்குனி 20, புதன்

ரசம். வேறொன்றும் செய்யவில்லை.

பங்குனி 23, சனி

பூதப்பாண்டியை வீட்டுக்குக் கூட்டிவந்துவிட்டார்கள். ஆட்டோவிலிருந்து வாசல்படி வரைக்கும் நடக்க இரண்டு இடத்தில் நின்றாராம். இனி நம்மூர் ஆஸ்பத்திரியிலேயே வாராவாரம் காட்டலாம், பெரிய டாக்டர் திரையில் பார்த்துக்கொள்வார் என்று அனுப்பியிருக்கிறார்கள். நல்லது. அலைச்சல் மிச்சம்.

கஞ்சி கொடுத்தனுப்பினேன். பாத்திரம் கழுவித் திரும்பி வந்தது. வெறும் பாத்திரம் அனுப்பக் கூடாது என்று உள்ளே இரண்டு எலுமிச்சம்பழம் போட்டிருந்தாள் ராமலட்சுமி. அதைக் கையில் வைத்துக்கொண்டு அடுப்படியில் அப்படியே நின்றேன்.

பங்குனி 25, திங்கள்

வீட்டுக்காரரிடம் சொல்லிவிட்டேன். சாப்பாடு போட்டு, மோர் ஊற்றும்போது சொன்னேன். சாப்பாடு முடிந்தபின் சொல்லியிருக்கலாம். பாதியில் கையைக் கழுவிவிட்டார்.

வெகுநேரம் ஊஞ்சலில் உட்கார்ந்து காலால் தரையைத் தேய்த்துக்கொண்டிருந்தார்.

"எனக்கு ஊசி போடும்போது அந்தப் பெரிய டாக்டரு திரையில கண்ணாடியைக் கழட்டிட்டுப் பாத்தாரு. ஊசி ஏறி முடியுறவரைக்கும் அந்தால போகல. 'இருங்க பெரியவரே, நான் இங்கதான் இருக்கேன்'னு சொல்லிக்கிட்டே இருந்தாரு. அந்தச் சத்தத்துலதான் நான் கெடந்தேன் உலகு."

"தப்புதாங்க."

"என்கிட்ட சொல்லி என்ன? நான் தேர்க் கமிட்டியா?"

எழுந்து வாழைக்குப் போய்விட்டார். அந்த மனிதர் என்னைத் திட்டியிருந்தால் நன்றாக இருந்திருக்கும்.

பங்குனி 27, புதன்

கமிட்டி கோயில் மண்டபத்தில் கூடியது. அங்கே பெண்கள் போய் உட்காருகிற வழக்கமில்லை. தூணோரம் நின்றேன். கொம்பையா ஒரு மூலையில் இருந்தார். சித்திரை விசுவுக்குத் தேர் மறுபடி ஓடும், அது எங்கள் ஊர் வழக்கம். அதைப் பற்றிப் பேசி முடித்துவிட்டு எழுந்திருக்கப் பார்த்தார்கள்.

"ஒரு வார்த்தை அண்ணாச்சி" என்றேன். "அன்னைக்கு வயரை அறுக்கச் சொன்னது நான். கொம்பையா வேண்டாம்னு சொல்லிச்சு. ஆஸ்பத்திரி லைனுன்னும் சொல்லிச்சு. தெரிஞ்சேதான் அறுக்கச் சொன்னேன்."

தலைவர் அண்ணாச்சி இரண்டு கையையும் தூக்கினார்.

"ஐயையோ, அதை எதுக்கும்மா இப்ப? நீங்க அம்மனுக்காகச் சொன்னது. உங்க மேல ஆரு குத்தம் சொன்னா? கத்தி வச்சிருக்கவன்தான் யோசிக்கணும். நீங்க மனசைப் போட்டு அலட்டிக்கிடாதீங்க. உக்காருங்க, தண்ணி குடுங்கப்பா."

தண்ணீர் கொடுத்தார்கள். 'நல்ல மனசு' என்று பின்னால் யாரோ சொன்னார்கள். உண்மையைச் சொல்ல வந்த இடத்தில் எனக்குப் பாராட்டு. அந்தத் தண்ணீரை வாயில் வைக்க முடியவில்லை.

"கம்பெனிக்காரங்ககிட்ட கமிட்டி வந்து சொல்லணும். இல்லைன்னா நானே போய்ச் சொல்லுவேன். சொல்லிட்டு அந்தக் கலசத்தையும் வீட்டுக்குக் கொண்டுபோயிருவேன்" என்றேன். குரல் உயர்ந்துவிட்டது. கலசத்தைப் பற்றிச் சொன்னதும்தான் அவர்கள் திரும்பிப் பார்த்தார்கள்.

வீட்டுக்காரர் எப்போது வந்தார் என்று தெரியவில்லை. மண்டபப் படியில் நின்றுகொண்டிருந்தார். "நாளைக்குக் காலையில போவோம். கமிட்டியில இருந்து ரெண்டு பேரு வாங்க" என்று மட்டும் சொன்னார்.

வெளியே வந்ததும் கொம்பையாவிடம், "உன்னைப் போய் இப்படி மாட்டிவிட்டுட்டேனே" என்றேன்.

"நீங்க சொன்னீங்க. சரி. கத்தி பிடிச்சது என் கைதான மதினி" என்றார். என்னைப் பார்க்காமல் சொன்னார்.

பங்குனி 28, வியாழன்

காலையில் கம்பெனி அலுவலகத்துக்குப் போய்ச் சொல்லிவிட்டு வந்தோம். அந்த மேனேஜருக்கு என் மகன் வயதுதான் இருக்கும். 'சரிம்மா, பார்க்கிறோம்' என்றார். கொம்பையாவின் ஒப்பந்தத்தை எடுக்க மாட்டார்கள் போலத்தான் தெரிகிறது.

மத்தியானம் ராமலட்சுமி வீட்டுக்குப் போனேன். பூதப்பாண்டி உள்ளே தூங்கிக்கொண்டிருந்தார். அவள் தொழுவத்தில் மாட்டுக்குத் தீவனம் கரைத்துக்கொண்டிருந்தாள். சொல்ல வேண்டியதை வழியெல்லாம் சொல்லிப் பார்த்துக்கொண்டே போயிருந்தேன்.

"ராமலட்சுமி, உன்கிட்ட ஒண்ணு சொல்லணும். அந்த வயரை…"

"தெரியும்க்கா."

கலக்கிக்கொண்டேதான் சொன்னாள்.

"கமிட்டியில சொன்னதைக் கேள்விப்பட்டியா?"

"அதுக்கு முன்னாலயே தெரியும். முக்குல நின்ன அத்தனை பேருக்கும்லா கேட்டுச்சு. அவுக சக்கரத்துல சாஞ்சிதான உக்காந்திருந்தாவ, அவுகளுக்கும் கேட்டுச்சு. 'ஒரு நாள் ஆஸ்பத்திரி இல்லைன்னா ஊரு செத்தா போயிரும்?'னு கேட்டீங்கள்லா."

நான் எழுதாமல் விட்ட பதில் அதுதான். அவள் வாயால், என் குரலில் எப்படி இருந்ததோ அப்படியே வந்தது.

"பெறகு ஏன் புள்ள என்கிட்ட ஒண்ணும் கேக்கல? எல்லாரும் கொம்பையாவைத்தான சொன்னாவ?"

"உங்க மூஞ்சிக்கு நேர ஆரு சொல்லுவா? நீங்க இல்லாத எடத்துல பேசுனாவ. நீங்க வந்தா கொம்பையா மேல போட்டாவ." வாளியைக் கீழே வைத்தாள். "அன்னைக்கு அங்க இட்லி கொண்டு வந்தீங்க. இப்பச் சொல்லுவீங்க, இப்பச் சொல்லுவீங்கன்னு பாத்தேன். சன்னலையே பாத்துட்டு நின்னீங்க. பெறகு கஞ்சி வந்துது. அதுலயும் ஒண்ணும் இல்ல. கஞ்சி நல்லாத்தான் இருந்துச்சு."

பஸ்ஸில் அந்த மனிதர் ஏன் பேச்சை மாற்றினார் என்று அப்போதுதான் புரிந்தது. இத்தனை நாளும் நான் ஒளித்துவைத்திருந்ததாக நினைத்ததை ஊர் முழுக்க எனக்காக மூடிப் பிடித்துக்கொண்டிருந்திருக்கிறது.

"என்னை மன்னிச்சிரு" என்றேன்.

"அதெல்லாம் இப்பச் சொல்லத் தெரியலக்கா. மாட்டுக்கு நேரமாச்சு" என்றாள்.

பங்குனி 29, வெள்ளி

கோயிலுக்குப் போனேன். கும்பிட ஒன்றும் தோன்றவில்லை. தச்சரைப் பார்த்து, விசுவன்று ஆஸ்பத்திரி முக்கில் கலசத்தைக் கழற்றி இறக்க வேண்டும் என்று சொல்லிவிட்டு வந்தேன். இனி ஒவ்வொரு வருடமும் அப்படித்தான். "யாரு இறக்கி வச்சிருக்கது? தரையில வைக்கக் கூடாதே" என்றார். நான் வைத்திருக்கிறேன் என்றேன்.

சித்திரை 1, ஞாயிறு

விசுக்கனி காலையிலேயே வைத்தாயிற்று. ஆஸ்பத்திரிப் பெட்டிக்குப் பேட்டரி நேற்றே வந்துவிட்டது. வீட்டுக்காரர் தானே போய் நின்று மாட்டச் சொன்னார். யார் கொடுத்தது என்று பெயர் எழுதப் பெயிண்ட் கொண்டுவந்தார்களாம். வேண்டாம் என்று திருப்பி அனுப்பிவிட்டார்.

வெயில் தாழ்ந்ததும் தேர் புறப்பட்டது. சறுக்குக்கட்டை போடப் பக்கத்து ஊரிலிருந்து புது ஆள். ஆஸ்பத்திரி வாசலில் வேப்பமரத்தடியில் ஒரு பிளாஸ்டிக் நாற்காலி. அதில் பூதப்பாண்டி உட்கார்ந்திருந்தார், பக்கத்தில் ராமலட்சுமி. அவர் இருந்த இடத்திலிருந்தே, "எலேய், கட்டையைச் சாச்சுக் குடு, சாச்சு" என்று கையை ஆட்டிக்கொண்டிருந்தார். அவ்வளவு தூரத்துக்கு அந்தக் குரல் எட்டவில்லை.

முக்கில் தேர் நின்றது. தச்சர் ஏறிக் கலசத்தைக் கழற்றினார். கயிற்றில் கட்டி இறக்கினார்கள். வாங்கி இடுப்பில் வைத்துக்கொண்டேன். நினைத்ததைவிடக் கனம். கூட்டம் முழுக்க என்னைத்தான் பார்த்தது. தேர் மொட்டையாகத்தான் இருந்தது. கொம்பையா கவட்டைக் கம்பால் வயரை லேசாக உயர்த்தினார். அடியில் தேர் நகர்ந்தது.

நான் கலசத்தோடு வேப்பமரத்தைக் கடக்க வேண்டியிருந்தது. தலையைக் குனிந்துகொண்டு நடந்தேன்.

"என்னக்கா, குடத்தைத் தூக்கிட்டுத் தண்ணிக்கா?"

ராமலட்சுமிதான். தேர் முடிந்த நாளிலிருந்து அவள் வாயில் நான் கேட்கிற முதல் கேலி. சுற்றி நின்றவர்கள் சிரித்துவிட்டார்கள். எனக்கும் உதடு வளைந்தது. "ஆமா, தண்ணிக்குத்தான்" என்றேன்.

பூதப்பாண்டியும் சிரித்தார். நாற்காலியில் குலுங்கிச் சிரித்தவர் பாதியில் நிறுத்தி, நெஞ்சில் கையை வைத்து, வாயைத் திறந்து மூச்சை எட்டி எட்டிப் பிடித்தார். ராமலட்சுமி சிரிப்பை விட்டுவிட்டு அவர் முதுகைத் தடவினாள். சிரிக்கவும் அவருக்கு மூச்சு போதவில்லை.

தேர் முக்கைத் தாண்டியதும் கலசத்தைக் கேட்டு ஆள் வந்தார். கொஞ்சம் பொறுங்கள் என்றேன். பூதப்பாண்டிக்கு மூச்சு சீராகிற வரைக்கும் அதை இடுப்பிலேயே வைத்துக்கொண்டு நின்றேன்.